கலர் ரேஷியோ மாறினா முதல்ல யாருக்குத் தெரியணும்? சாயப்பட்டறையோட பிளானிங் ஷீட்டைப் பகிர்றது பற்றி

நூல்கண்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். திருப்பூர்ல ஒரு நடுத்தர எக்ஸ்போர்ட் கம்பெனியில பதினோரு வருஷமா புரொடக்‌ஷன் பிளானிங் பார்க்கிறேன். போன சீசன்ல நடந்த ஒரு விஷயம் இன்னும் மனசை விட்டுப் போகல. அதை வெச்சே ஒரு கேள்வி கேக்கறேன்.

ஆர்டர் 18,000 பீஸ். ரவுண்ட் நெக் டீ சர்ட், 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு கிராம்) சிங்கிள் ஜெர்சி துணி. நேவி 30 சதவீதம், ரெட் 30, ஸ்கை புளூ 20, வெள்ளை 20. பீஸுக்கு 200 கிராம்னு வெச்சா 3,600 கிலோ துணி. நிட்டிங் முடிஞ்சு கிரே துணி (சாயம் போடாதது) பூரா சாயப்பட்டறைக்குப் போயிடுச்சு.

அந்தத் திங்கட்கிழமை பையர்கிட்ட இருந்து மெயில். நேவி 45, ரெட் 15. மெயில் எங்க மெர்ச்சண்டைசருக்கு (பையர்கிட்ட பேசறவங்க) வந்தது திங்கட்கிழமை. என் கைக்கு வந்தது சனிக்கிழமை மதியம். நடுவுல வியாழக்கிழமையே பட்டறையில ரெட் மொத்தம் 1,080 கிலோவும் ஓட்டி, காம்பாக்டிங்கும் (துணி பின்னாடி சுருங்காம இருக்கச் செய்யற வேலை) முடிச்சுட்டாங்க. தேவை 540 கிலோதான். நேவிக்கு 540 கிலோ பத்தல. துணி இருக்கு, ஆனா சிவப்பா இருக்கு.

மறுபடி நூல் வாங்கி, நிட்டிங் மெஷின் பிடிச்சு, டையிங் முடிச்சு, கட்டிங் டேபிளுக்கு வர 17 நாள். தூத்துக்குடி கப்பல் போயிடுச்சு. 2,700 நேவி பீஸ் ஏர்ல போச்சு. அந்த ஆர்டர்ல மிஞ்சவேண்டியது அதோட தீர்ந்துச்சு. ரெட் துணி 540 கிலோ இன்னும் குடோன்ல, பாலிதீன் சுத்தி, வாசல் பக்கத்துலயே கிடக்கு. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ள போறேன்.

இப்ப ஓனர் சொல்றது: நம்ம பிளானிங் ஷீட்டை நிட்டிங், டையிங், பிரின்டிங், தையல் எடுக்கறவங்க எல்லாருக்கும் திறந்து விட்ரு. எல்லாரும் எல்லாத்தையும் பார்க்கட்டும். இது உண்மையிலயே உதவுமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

---

சாயத்தொட்டி

பட்டறைப் பக்கம் இருந்து சொல்றனுங்க. நான் டையிங் யூனிட்ல பிளானிங். நீங்க ஷீட்டைத் திறந்து விட்டாலும் முதல் ஒரு மாசம் நான் அதை நம்பமாட்டேன். ஏன்னு சொல்றேன்.

"திங்கட்கிழமை ரெண்டு டன் வருது, வெசல் ஒதுக்கி வைங்க"ன்னு போன் வரும். நான் 500 கிலோ மெஷின் ரெண்டை ஒதுக்குவேன். புதன்கிழமை சாயங்காலம் 700 கிலோ வரும். மீதி நிட்டிங்ல நிக்குதும்பாங்க. பாய்லர் எரிஞ்சுட்டே இருக்கும். அப்புறம்தான் தெரியும், அதே துணிக்கு இன்னும் ரெண்டு பட்டறையிலயும் இடம் பிடிச்சு வெச்சிருந்தாங்கன்னு. எவன் முதல்ல காலி பண்றானோ அங்க இறக்குவாங்க.

இதைத் தாங்க நான் என்ன பண்ணுவேன்? 100 கிலோ இடத்துக்கு 130 கிலோ புக்கிங் எடுப்பேன். எல்லாரும் சொன்னபடி அனுப்பிட்டா 30 கிலோக்காரன் வாசல்ல நிப்பான். அவன் அடுத்த முறை நாலு நாள் முன்னாடியே "அர்ஜென்ட்"ம்பான். இப்ப வர்ற எல்லா டிசியிலயும் (துணியோட வர்ற டெலிவரி சலான்) அர்ஜென்ட்னு சிவப்பு மையில எழுதியிருக்கு. எதையும் அர்ஜென்ட்னு எடுத்துக்க முடியல.

இன்னொண்ணு. எங்களுக்கு கிலோ மட்டும் தெரிஞ்சா பத்தாது. கலர் தெரியணும். வெள்ளை, வெளிர் கலர், அப்புறம் மீடியம், கடைசியா நேவி, கருப்புன்னு வரிசையா ஓட்டினா நடுவுல மெஷின் கழுவுற வேலை குறையும். கருப்பு ஓட்டின மெஷின்ல ஸ்கை புளூ போடணும்னா ஒன்றரை ரெண்டு மணி நேரம் கழுவணும். தண்ணியும் போகும். பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு லிட்டர்தான் அனுப்பலாம்னு எங்களுக்கு அளவு இருக்கு. மெஷின் காலியா இருந்தாலும் அந்த லிட்டர் தீர்ந்துட்டா அன்னைக்கு வேலை முடிஞ்சுது. என் உண்மையான கெப்பாசிட்டி வெசல் இல்லீங்க, தண்ணி. இதை எந்த கம்பெனி பிளானரும் இதுவரைக்கும் என்கிட்ட கேட்டதில்ல.

அஞ்சு நாள் முன்னாடி கலர் வாரியா கிலோ தெரிஞ்சா போதும், வரிசையை நான் மாத்திக்குவேன். உங்க ரெட் துணியைக்கூட அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருக்கலாம். அந்த வியாழக்கிழமைதான் ஓட்டணும்னு எந்த பட்டறைக்கும் கட்டாயம் இருந்திருக்காது.

---

தறிநாடா

ரெட் துணியை கருப்புக்கு மாத்தி ஓட்டியிருக்கலாமே?

நூல்கண்டு

கருப்பு அந்த ஆர்டர்லயே இல்லீங்க. நேவிக்கு மாத்தினா அடியில சிவப்பு அடிக்கும், லேப் டிப்ல (சாம்பிள் சாயத்துல) பையர் அப்ரூவல் கொடுத்த ஷேடு வராது. பட்டறையில கேட்டுப் பார்த்தோம். ஒரே நிமிஷத்துல முடியாதுன்னுட்டாங்க.

---

காலைமெயில்

நான் மெர்ச்சண்டைசர். வேற கம்பெனி. உங்க மெர்ச்சண்டைசரை எனக்குத் தெரியாது. ஆனா அவங்க இடத்துல நான் இருந்திருக்கேன், அதனால இதை எழுதியே ஆகணும்.

அந்த மெயில்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு பாருங்க. "மாற வாய்ப்பிருக்கு, வார இறுதியில உறுதி சொல்றோம்"னு இருந்திருக்கும். முக்கால்வாசி மெயில் அப்படித்தான் வரும். ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு அப்படி ஒண்ணு வந்துச்சு. வந்த அஞ்சாவது நிமிஷம் பிளானிங்குக்கும் பட்டறைக்கும் சொல்லிட்டேன். டையிங்கை நிறுத்திட்டாங்க. மூணாவது நாள் பையர் "பழைய ரேஷியோவே போடுங்க"ன்னுட்டார். மூணு நாள் வீண். மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் எனக்குத்தான் திட்டு விழுந்துச்சு: "உறுதியாகாம ஏன் வாயைத் திறந்தே?"

அதுக்கப்புறம் நானும் மெயிலைக் கையில வெச்சுக்கிட்டு காத்திருக்க ஆரம்பிச்சேன். சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க. பயம்தான். சீக்கிரம் சொன்னாலும் தப்பு, லேட்டா சொன்னாலும் தப்பு. எங்க சிஸ்டத்துல ஒரு நம்பர்தான் போட முடியும். "45 ஆகலாம்"னு போட எங்கயும் இடம் இல்ல. உங்க ஷீட்ல அதுக்கு ஒரு கட்டம் இருக்கா அண்ணா?

நூல்கண்டு

இல்லீங்க. நேத்து ராத்திரி அந்த மெயிலை மறுபடி எடுத்துப் படிச்சேன். நீங்க சொன்னது சரி. உறுதின்னு அதுல இல்ல. ஏர் கார்கோ பில் வந்த அன்னைக்கு அவங்களை நான் பேசின பேச்சு கொஞ்சம் அதிகம். திங்கட்கிழமை நேர்ல சொல்லிடறேன்.

---

ஓரகடம்வெண்டர்

கார் பாகம் செய்யற யூனிட்ல இருக்கேன், ஓரகடம். உங்க தொழிலுக்கும் எங்களுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, ஆனா "ஆகலாம்" நம்பரை என்ன பண்றதுங்கற இந்தச் சிக்கலை எங்க பக்கம் ரொம்ப நாள் முன்னாடியே எதிர்கொண்டாச்சு.

எங்களுக்கு ஷெட்யூல் வரும்போது இந்த மாசம் உறுதி, அடுத்த ரெண்டு மாசம் உத்தேசம்னு பிரிச்சுத்தான் வரும். டொயோட்டா தன் சப்ளையர்களுக்கு மூணு மாச உருளும் திட்டம் கொடுத்து, கிட்ட வரவர இறுக்கி, கடைசியில அன்றாடத் தேவையை கான்பன் அட்டை (இவ்வளவு தீர்ந்துச்சு, அனுப்புங்கன்னு சொல்ற அட்டை) வழியா இழுக்கற முறைதான் இதுக்கெல்லாம் மூலம். அதுல முக்கியமானது கம்ப்யூட்டர் இல்ல. அசெம்பிளி லைன்ல கலவையைச் சமமாப் பரப்பி ஓட்டறாங்க, ஒரே மாடலைக் குவிச்சு ஓட்டறதில்ல. அதனாலதான் அவங்க சொல்ற முன்கூட்டிய நம்பர் பெரும்பாலும் நிஜத்துக்குப் பக்கத்துல நிக்குது. நம்பர் கிளம்பற இடத்துலயே குதிச்சுக்கிட்டு இருந்தா எந்த ஷீட்டும் காப்பாத்தாது.

எங்களுக்கும் அடி விழுந்திருக்கு. ஒரு தடவை உத்தேசம் 12,000, உறுதியானது 7,500. மீதிக்கு வாங்கின ஸ்டீல் ஆறு மாசம் துருப்பிடிச்சுது. அதுக்கப்புறம் பேசி ஒப்பந்தத்துல எழுதி வாங்கினோம்: உறுதி மாசத்துல மாத்தினா முடிஞ்ச பொருளுக்கு அவங்க பொறுப்பு, உத்தேச மாசத்துல மாத்தினா மூலப்பொருளுக்கு மட்டும் பொறுப்பு, அதையும் தாண்டின மாசங்களுக்கு யாருக்கும் பொறுப்பில்ல. நம்பர் கூடவே அது தப்பானா யார் பணம்னு தெரிஞ்சிருக்கணும். அது இல்லாம ஷீட்டைத் திறந்தா, உங்க உத்தேசத்தைப் பட்டறைக்காரர் உறுதின்னு நினைச்சு சாயம் வாங்கி வெச்சிருவார்.

---

அலைமேடு

கல்லூரியில செயல்பாட்டு மேலாண்மை கற்பிக்கிறேன். சாயத்தொட்டி சொன்ன 130 கிலோ புக்கிங்கைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

சாட்டையின் கைப்பிடியை லேசாகச் சுண்டினால் நுனி பெரிதாக வீசுவதுபோல், கடையில் விற்பனை சிறிதாக அசைந்தால் மேலே போகப்போக ஆர்டர் பெரிதாகக் குதிக்கும். இதைத்தான் சாட்டை விளைவு என்கிறோம். ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் குழந்தை டயப்பர் ஆர்டர்களில் இதைக் கண்டது. குழந்தைகள் எல்லா வாரமும் ஒரே அளவில்தான் டயப்பர் உபயோகிக்கின்றன, ஆனால் விநியோகஸ்தர்களின் ஆர்டர் ஏறி இறங்கியது. 1997-இல் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூவரும் இதற்கு நான்கு காரணங்களைப் பிரித்துச் சொன்னார்கள். கீழிருந்து வரும் ஆர்டரையே தேவை என்று நம்பிக் கணிப்பது, மொத்தமாகக் குவித்து ஆர்டர் போடுவது, விலை ஏற்ற இறக்கம், தட்டுப்பாடு வரும் என்று பயந்து கூடுதலாகக் கேட்பது. ஒரே துணிக்கு மூன்று பட்டறையில் இடம் பிடிப்பது அந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. சிஸ்கோ 2001-இல் ஏறத்தாழ 225 கோடி டாலர் சரக்கைக் கணக்கிலிருந்து தள்ள நேர்ந்ததற்கு, வாடிக்கையாளர்கள் இப்படி இரட்டையாகப் போட்டுவைத்த ஆர்டர்களும் ஒரு காரணம்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தகவலைப் பகிர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை ஆராய்ச்சி அப்படியே ஆதரிக்கவில்லை. கேஷானும் ஃபிஷரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சப்ளையர், பல கடைகள் உள்ள கணித மாதிரியில் முழுத் தகவலையும் பகிர்ந்தபோது செலவு சராசரியாக 2.2 சதவீதம்தான் குறைந்தது. அதிகபட்சம் 12.1. அதே மாதிரியில் சரக்கு வந்துசேரும் காலத்தை ஏறக்குறைய பாதியாக்கியபோது 21 சதவீதமும், லாட் அளவை (ஒரே தடவையில் அனுப்பும் சரக்கின் அளவு) பாதியாக்கியபோது 22 சதவீதமும் குறைந்தது. எனவே ஷீட்டைத் திறப்பதைவிட, சிறிய லாட்டாகவும் வேகமாகவும் ஓட்ட முடியுமா என்று பார்ப்பதே பெரிய லாபம் தரும் என்பது என் கருத்து.

சாயத்தொட்டி

சார், மரியாதையோட சொல்றேன், லாட்டைப் பாதியாக்குங்கன்னு எழுதறது சுலபம். 500 கிலோ மெஷின்ல 250 கிலோ போட்டா தண்ணியும் ஆவியும் பாதியாயிடாது. கிலோவுக்குச் செலவு ஏறும். அந்தத் தண்ணியைச் சுத்திகரிக்கவும் நாங்கதான் கொடுக்கணும். ரெண்டு லாட்டா ஓட்டினா ஷேடு ரெண்டா வரும், சட்டையோட உடம்பு ஒரு லாட், கை ஒரு லாட்னு தையல்ல கலந்துட்டா பையர் மொத்தத்தையும் ரிஜெக்ட் பண்ணுவார்.

அப்புறம் அந்த ஆய்வுல தேவை எப்படிப்பட்டது சார்? தினமும் விக்கற சோப்பு மாதிரியா, ஒரு சீசனுக்கு ஒரே தடவை வர்ற டீ சர்ட் மாதிரியா?

அலைமேடு

சரியான கேள்வி. அந்த மாதிரியில் தேவையின் தன்மை மாறாதது, எல்லோருக்கும் தெரிந்தது. அப்படிப்பட்ட இடத்தில் கடைக்காரரின் பழைய ஆர்டர்களிலேயே வேண்டிய தகவல் பெரும்பாலும் இருக்கும், புதிதாகப் பகிர்வதால் கிடைப்பது கொஞ்சம்தான். உங்கள் கலர் ரேஷியோ அப்படியல்ல. அது பையரின் தலைக்குள் இருக்கிறது, பழைய ஆர்டரைப் பார்த்து ஊகிக்க முடியாது. ஆகவே இங்கே தகவலுக்கு மதிப்பு கூடுதல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். லாட் விஷயத்தில் தண்ணீர்க் கணக்கை நான் யோசிக்கவில்லை. அடுத்த பருவத்தில் மாணவர்களுக்கு இதை ஒரு கணக்காகவே கொடுக்கப் போகிறேன். வெசல் நேரம், தண்ணீர் லிட்டர், கலர் வரிசை மூன்றையும் சேர்த்து எந்த லாட்டை எப்போது போடுவது என்று.

---

இருபத்துநாலு_மெஷின்

நான் பவர்டேபிள் (கரண்ட்ல ஓடற தையல் மெஷின்) போட்டு ஜாப் ஒர்க் எடுக்கறவன். ஓவர்லாக், ஃப்ளாட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து 24 மெஷின். எனக்கு ஷீட் எல்லாம் வேண்டாம் தம்பி. போன்ல அதைத் திறந்தா எழுத்தே தெரியாது.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. நாளைக்கும் நாளன்னைக்கும் எத்தனை கட்டிங் பீஸ் வரும். சாயங்காலம் 4 மணிக்குள்ள ஒரு வரி. ராத்திரி 9 மணிக்கு "நாளைக்குக் கட்டிங் இல்லீங்க"ன்னு சொன்னா, பீகார்ல இருந்தும் ஒடிசாவுல இருந்தும் வந்த பசங்க காலையில வந்து உக்காந்து எந்திரிச்சுப் போவாங்க. பீஸ் ரேட்காரங்க, வேலை இல்லைன்னா கூலி இல்ல. ரெண்டு நாள் அப்படி ஆனா அடுத்த தெரு கம்பெனிக்குப் போயிடுவாங்க. அப்புறம் ஒரே நாள்ல 3,000 பீஸ் வந்து இறங்கும், தைக்க ஆள் இருக்காது. அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். என் மெஷின் எத்தனை சும்மா இருக்குன்னு உங்க ஷீட்ல நான் போடமாட்டேன். ஒருதடவை உண்மையைச் சொன்னேன். "சும்மாதானே இருக்கு, பீஸுக்கு 50 பைசா குறைச்சுக்கோ"ன்னாங்க. அந்தக் கம்பெனி பேரு வேண்டாம். பொதுவா எல்லாரும் அப்படித்தான்.

நூல்கண்டு

அண்ணா, நீங்க சொன்னது எங்களுக்கும் அப்படியே பொருந்துது. ஒரு பையர் புதுசா போர்ட்டல் கொடுத்திருக்கார். எந்த லைன்ல என்ன ஓடுது, எவ்வளவு காலி, தினமும் ஏத்தணும். அடுத்த பேரம் பேசும்போது "பிப்ரவரியில உங்க லைன் பாதி காலி, தெரியும்"னார். அன்னையில இருந்து எங்க ஆளுங்க போர்ட்டல்ல எல்லா லைனும் ஃபுல்னு போடறாங்க. இப்ப அவங்களுக்கும் நிஜம் தெரியாது, அதை நம்பி அவங்க போடற பிளானும் நமக்கே திரும்பி வருது.

அதே காரியத்தை உங்ககிட்ட நாங்க பண்ணிட்டு, ஷீட்ல உண்மையைப் போடுங்கன்னு கேக்கறது நியாயமே இல்ல. கெப்பாசிட்டி நம்பரை வெச்சு ரேட் பேசக்கூடாதுன்னு ஓனர்கிட்ட முதல்ல எழுதி வாங்கறேன்.

---

பழைய_நொய்யல்கரை

இழையை முழுசாப் படிச்சேன். 35 வருஷம் பனியன் தொழில்ல இருந்துட்டு இப்ப ஓய்வு. 

2011 ஜனவரி கடைசியில சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப என் 9 டன் துணி வெளியூர்ப் பட்டறைகளைத் தேடி லாரியில சுத்துச்சு. எந்த லாட் எந்த ஊர்ல இருக்குன்னு ஒரு நோட்டுப் புத்தகத்துலதான் எழுதி வெச்சேன். அந்த வருஷம் எங்க கூட நின்ன பட்டறைக்காரங்க யாருன்னு பார்த்தா, முன்னாடி அவங்ககிட்ட நாங்க பொய் சொல்லாம இருந்தவங்கதான். 

ஒரு யோசனை. இத்தாலியோட பெனட்டன் கம்பெனி ஸ்வெட்டரைச் சாயம் போடாத நூல்லயே பின்னி வெச்சுக்கிட்டு, எந்தக் கலர் விக்குதுன்னு பார்த்துட்டுச் சாயம் போட்ட கதை தொழில்ல எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு தூரம் போகவேண்டாம். தம்பி, உங்க 3,600 கிலோவுல ஒவ்வொரு கலர்லயும் நிச்சயமா வேணுங்கற அளவை மட்டும் முதல்ல ஓட்டுங்க. மீதியை கிரேயாவே வெச்சிருங்க, கடைசி ரேஷியோ வர்ற வரைக்கும். ரெட்டுக்கு 1,080-ல 540 மட்டும் ஓட்டியிருந்தா இன்னைக்கு வாசல்ல அது கிடக்காது. சின்ன லாட்டுக்குப் பட்டறைக்காரர் கிலோவுக்குக் கூடக் கேப்பார், கொடுத்துடுங்க. ஏர் கார்கோ பில்லோட பக்கத்துல வெச்சுப் பாருங்க.

சாயத்தொட்டி

ஐயா சொன்னபடி கிரேயை நிறுத்தி வெச்சா, அதுக்கு இடம் எந்தத் தேதியில வேணும்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. கலரைக் கடைசியா சொன்னாப் போதும். இடத்தைக் கிலோவா ஒதுக்கி வெச்சுக்கறேன். நேவின்னா கடைசி வரிசையில போட்டுடலாம், அது எங்களுக்கும் வசதி.

---

நூல்கண்டு (ஏழு வாரம் கழிச்சு)

நடந்ததைச் சொல்லிடறேன், கேட்டவங்க இருக்கீங்க.

எல்லாருக்கும் எல்லாத்தையும் திறக்கல. பட்டறைக்கு அவங்க பக்கம் மட்டும் தெரியற மாதிரி ஒரு ஷீட்: கலர், கிலோ, வர்ற தேதி, நிலை. நிலையில மூணே வார்த்தை. "உறுதி", "அநேகமா", "பேச்சு". காலைமெயில் கேட்ட கட்டம் அதுதான். மெர்ச்சண்டைசர் மெயில் வந்த அன்னைக்கே போடணும், உறுதி ஆகலைன்னா "பேச்சு"ன்னு போடணும். "பேச்சு"ன்னு போட்டது மாறினா யாரையும் கேள்வி கேக்கக்கூடாதுன்னு மீட்டிங்ல ஓனரே சொன்னார். டையிங்குக்கு ஏழு நாள் முன்னாடி "உறுதி" பூட்டிடும். அதுக்கப்புறம் மாத்தினா ஓட்டின துணி எங்க கணக்கு, எழுதிக் கொடுத்தாச்சு. ஒரு துணிக்கு ஒரு பட்டறையிலதான் புக்கிங்.

தையலுக்கு ஷீட் இல்ல. சாயங்காலம் 4 மணிக்கு வாட்ஸப்ல ஒரு வரி. நானே அனுப்பறேன்.

முதல் ரெண்டு வாரம் பட்டறை சூப்பர்வைசர் ஷீட்டைத் திறக்கவே இல்ல, போன்லதான் கேட்டார். மூணாவது வாரம் அவரோட நோட்டுப் புத்தகத்துல நம்ம ஷீட்ல இருந்து எழுதி வெச்சிருந்ததைப் பார்த்தேன். பென்சில்ல "பேச்சு", பேனாவுல "உறுதி". போன ஆர்டர்ல ரேஷியோ மறுபடி மாறுச்சு. 22 சதவீதம் கிரேயா நிறுத்தி வெச்சிருந்தோம், அதுக்குள்ளயே அடங்கிடுச்சு. பட்டறைக்குச் சின்ன லாட் ரேட் கொடுத்தோம். கப்பல்லயே போச்சு. இன்னொரு ஆர்டர்ல காலர் ரிப் நிட்டிங்ல நாலு நாள் லேட், அதுக்கு இந்த ஷீட் ஒண்ணும் பண்ணல. நிட்டிங்காரங்களை இன்னும் இதுக்குள்ள கொண்டுவரல, அடுத்த மாசம்.

பையர் போர்ட்டல்ல என்ன போடறதுன்னு இன்னும் முடிவாகல. அதுக்கு யாராவது வழி கண்டிருந்தா எழுதுங்க.

காலைமெயில்

எங்க எம்டிகிட்ட இந்தப் பக்கத்தைக் காட்டினேன் அண்ணா. "பேச்சு"ங்கற வார்த்தையைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் யோசிச்சார். உங்க மெர்ச்சண்டைசர்கிட்ட பேசினீங்களா?

நூல்கண்டு

பேசினேங்க. மூணு வார்த்தை வெக்கலாம்னு சொன்னதே அவங்கதான்.

தறிநாடா

அந்த ரெட் இன்னும் இருக்கா? 180 ஜிஎஸ்எம்னு சொன்னீங்க. உள்நாட்டுக் குழந்தைகள் ஆர்டர் ஒண்ணு, 300 கிலோ வேணும். டயா (துணிக் குழாயோட விட்டம்) என்ன?

நூல்கண்டு

இருக்குங்க. டயா, ரோல் எடை எல்லாம் தனி மெசேஜ்ல அனுப்பறேன். வந்து ஷேடு பார்த்துட்டு எடுங்க.